ஒரு முழ தூரத்தில் ஆந்தை

அந்தப் புகைப்படக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'சிரிக்காதே'. பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்க வருகிறவர்களிடம் நாள் முழுக்க அவர் சொல்கிற வார்த்தை அதுதான். சிரிக்காதீங்க, அசையாதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க. சிரிக்க வேண்டாம் என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிற மனுஷனின் மனசு எங்கேயாவது போய் ஒதுங்கத்தானே செய்யும்? அவருடையது ஆந்தையிடம் போய் ஒதுங்கியது. ஆந்தையிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். அது பிறவியிலேயே சிரிக்காது.

அவர் மனைவி மருத்துவமனையில் காது சோதிக்கிறவள். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் அனுப்புவாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கேட்காமலே தூக்குகிறவர்கள், கேட்டும் தூக்காதவர்கள், மாமியார் குரல் மட்டும் கேட்காதவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்துவிட்டாள். அதனால் யார் எதைச் சொன்னாலும் சும்மா நம்பிவிட மாட்டாள். ஏன், எப்படி என்று குடைந்தெடுத்துவிடுவாள். பெண் பார்க்கப் போன அன்றே தன்னை அப்படித்தான் குடைந்தாள் என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய தானியக் கிடங்கு இருந்தது. பாதிக்கு மேல் காலி. உள்ளே கூரைக்குக் கீழே சுவரில் ஒரு பெரிய பொந்து. அதில் ஓர் ஆந்தை ஜோடி குடியிருந்தது. கூகை என்பார்களே, அந்த ஜாதி. வெள்ளை முகம், அதில் கறுப்பாக இரண்டு கண். பொழுது சாய்கிற வேளையில், வெளிச்சம் முழுதாகப் போகும் முன்பே, இரை தேட எழுந்துவிடும். கிடங்குக்குள்ளேயே எலிக்குப் பஞ்சமில்லை.

சிரிக்காதே கிடங்கின் மூலையில் பழைய சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மறைப்பு செய்துகொண்டார். உள்ளே ஒரு முக்காலி, ஒரு கேமரா, ஓர் ஆள். அவ்வளவுதான் இடம். சாக்கைத் தட்டக்கூட விடமாட்டார். புதுத் துணி போட்டால் ஆந்தைக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். "அங்க இருக்கிற தூசுகூட இடம் மாறக்கூடாது. அதுக்குப் பழகின இடம் அது," என்பார்.

மறைப்புக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தால் ஆந்தை ஏமாறாது. உள்ளே போன ஆள் வெளியே வரவில்லை என்று அதற்குத் தெரியும். அதனால் பறவைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தந்திரம் ஒன்று உண்டு. இரண்டு பேராக உள்ளே போவது, ஒருவர் மட்டும் வெளியே வருவது.

"பறவைக்கு எண்ணத் தெரியாது. ஒருத்தர் வெளிய போனதைப் பாத்தா ஆபத்து போயிடுச்சுன்னு நெனச்சுக்கும்," என்று விளக்கினார்.

"ஓஹோ. அப்ப அந்த ஆபத்து நான்தானா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் சத்தம் போட்டு நடந்து போ. கதவையும் நல்லா சாத்திட்டுப் போ."

"இருபது வருஷமா கதவை மெதுவா சாத்துன்னு சொன்ன வாய்தானே இது?"

ஆனாலும் போனாள். வேலை முடிந்து வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு அவரோடு கிடங்குக்கு நடப்பாள். உள்ளே போய், அவரை சாக்குக்குப் பின்னால் விட்டுவிட்டு, தடதடவென்று வெளியே வந்து கதவை அறைவாள். கிடங்கு வாட்ச்மேன் இருந்தால் அவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவளுக்கு, அவர் வீட்டுக்கு வந்து காட்டுகிற படங்களில்தான் தெரியும்.

படங்கள் நன்றாகவே வந்தன. முதலில் ஆந்தை பொந்து வாயில் நின்றது. பிறகு உத்தரத்துக்கு வந்தது. அப்புறம் மூட்டை அடுக்கின்மேல். ஒரு நாள் மறைப்புக்கு எதிரே கிடந்த உடைந்த தராசின்மேல் வந்து உட்கார்ந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேமராவையே பார்த்தது. வாரத்துக்கு வாரம் பக்கத்தில், இன்னும் பக்கத்தில்.

சிரிக்காதேக்குத் தலைகால் புரியவில்லை. "அதுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல," என்றார். ஊருக்கே சிரிக்காதே என்கிறவருக்கு வாயெல்லாம் பல்.

படங்களைப் பார்த்த பறவைச் சங்கத் தலைவர் வியந்துபோனார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பீரங்கி கணக்கில் லென்ஸ் வைத்திருப்பவர். சங்கம் நடத்தப்போகிற கண்காட்சியில் வாசலுக்கு எதிரே இருக்கிற பெரிய சுவர் முழுக்க ஓர் ஆந்தை முகம் வைக்கலாம், முகத்தின் ஒவ்வொரு இறகும் தெரிகிற மாதிரி ஒரு படம் மட்டும் எடுத்துக்கொடுங்கள் என்றார். அன்று ராத்திரி சிரிக்காதே சரியாகச் சாப்பிடவில்லை. ஆயிரக்கணக்கில் முகம் எடுத்திருக்கிறார். ஒன்றுகூடச் சுவரில் தொங்கியதில்லை. எல்லாம் ஏதோ ஒரு அட்டையில் ஒட்டி, முத்திரை குத்தி, பர்சுக்குள் போய்விட்டவை. சுவரில் ஒரு முகம் என்பது அவருக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேலி செய்யாமல் விட்டாள்.

ஆனால் ஏன், எப்படி என்கிற அரிப்பு மட்டும் அவளை விடவில்லை. காட்டுப் பறவை ஒரு மனுஷனைத் தேடி வருமா? அதிலும் இவரையா? தலைவரும் ஆசைப்பட்டு அதே மறைப்பில் உட்கார்ந்து பார்த்தார். அவரை விட்டுவிட்டு சிரிக்காதேயே தடதடவென்று வெளியே நடந்தார். ஆந்தை பொந்தை விட்டு வெளியே வந்தது, ஜன்னல் வழியாகப் பறந்து போய்விட்டது. அவர் பக்கம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுநாளும் அதே கதை. தலைவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். சிரிக்காதே ஆறுதல் சொன்ன அழகைப் பார்க்க வேண்டுமே! "எல்லாம் ஒரு ராசிதான் சார்."

ராசியாவது மண்ணாவது என்று மனைவி களத்தில் இறங்கினாள். சட்டை வாசனையா? அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவளே போய் உட்கார்ந்தாள். ஆந்தை வரவில்லை. கேமராவின் 'க்ளிக்' சத்தமா? சும்மாவே அமுக்கிக்கொண்டிருந்தாள். பொந்திலிருந்தபடியே ஒருமுறை முகத்தைத் திருப்பியது. உனக்கு வேறு வேலை இல்லையா என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு அதுபாட்டுக்கு அது இருந்தது. அவர் தலையில் தடவுகிற எண்ணெய், அவர் உட்காருகிற உயரம் வரைக்கும் சோதித்துவிட்டாள். எதுவும் எடுபடவில்லை.

"பொறாமை," என்றார் சிரிக்காதே, சந்தோஷமாக.

"ஆமா, பொறாமைதான். இருபது வருஷமா நான் பக்கத்துல வந்தா பேப்பர் படிக்கிற ஆளு, இப்ப ஆந்தை வந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க," என்றாள். "நாளைக்கு நானும் உங்ககூட உள்ள உக்காரப் போறேன்."

"ரெண்டு பேருக்கு இடம் பத்தாது."

"ஒடுங்கி உக்காந்துக்கறேன். வாட்ச்மேன் நம்மகூட வந்து வெளிய போகட்டும். மூணு பேர் போய் ஒருத்தர் வந்தாலும் அதுக்கு எண்ணத் தெரியாதில்ல?"

மறுநாள் மூவரும் உள்ளே போனார்கள். வாட்ச்மேன் வெளியே போய், கதவு கழன்று விழாத குறையாக அறைந்தார். சாக்குக்குப் பின்னால் அவளும் அவரும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாக்கிலிருந்து பழைய தானிய வாடை, எலிப் புழுக்கை வாடை, ஆந்தையின் எச்ச வாடை, எல்லாம் சேர்ந்து அவள் தொண்டையைக் கரகரவென்றாக்கின. இருமல் வந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது ஆந்தை வந்தது. உத்தரத்தில் நின்றது. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. அவள் வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள், ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர்கள் அப்படித்தான் தலையைத் திருப்புவார்கள். இது பார்க்கவில்லை. கேட்கிறது. அதன் முகமே ஒரு காது மாதிரிதான் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

சத்தமில்லாமல் மூட்டை அடுக்குக்கு இறங்கியது. அங்கிருந்து தராசுக்கு வந்தது. தலையைச் சாய்த்தது. எதைக் குறிவைக்கிறது என்று அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். லென்சை இல்லை. அவர் முகத்தையும் இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே. சட்டைப் பித்தான்கள் இருக்கிற இடம்.

அவளும் காதைத் தீட்டினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, அவர் மூச்சை விடும்போதெல்லாம் மெல்லிசாக ஒரு கீச்சு. எங்கோ மூட்டைக்கு அடியில் எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி. மூச்சை இழுத்தால் நின்றது, விட்டால் வந்தது. கீச்... கீச்...

கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. உண்மையாகவே அந்த ஒரு கணம் அவளுக்கு அத்தனை சந்தோஷம். அடுத்த கணம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்தக் கீச்சு வருவது மூட்டைக்கு அடியிலிருந்து இல்லை, தன் புருஷனின் நெஞ்சுக்குள்ளிருந்து.

வீட்டுக்கு வந்ததும் அவர் எடுத்த படங்களையெல்லாம் வரிசையாகப் பரப்பச் சொன்னாள். அவர் பெருமையாகப் பரப்பினார். பொந்து, உத்தரம், மூட்டை, தராசு.

"எப்பலேர்ந்து உங்களுக்கு மூச்சு அடைக்குது?"

"மூச்சா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. அங்க தூசு. வெளிய வந்தா சரியாயிடும்."

"மாடிப்படி ஏறினா?"

அவர் ஒரு படத்தை எடுத்து நேராக வைத்தார்.

"இந்தப் படத்துல அது உத்தரத்துல இருக்கு. அன்னைக்கு உங்க நெஞ்சு கொஞ்சமா கத்தியிருக்கு. இதுல மூட்டைக்கு வந்திருக்கு. அன்னைக்கு இன்னும் கொஞ்சம். தராசுக்கு வந்த அன்னைக்கு நல்லாவே கேட்டிருக்கு அதுக்கு. ஆந்தை உங்ககிட்ட வரலைங்க. உங்க நெஞ்சு வியாதிகிட்ட வருது. எலின்னு நெனச்சுக்கிட்டு வருது."

சிரிக்காதே திருதிருவென்று விழித்தார். பிறகு சிரித்தார். "என்னைத் தின்னவா வந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே இருந்தவர், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஊர்க் காதையெல்லாம் சோதிக்கிறவளுக்கு வீட்டுக்குள் இருந்த சத்தம் கேட்காமல் போனதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டிருக்கும்தான். அந்தச் சத்தம் கிளம்புகிற நேரத்தில்தான் அவள் கதவை அறைந்துவிட்டு நடந்துகொண்டிருந்தாளே.

டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, தூசுதான் காரணம், விட்டுவைத்தால் ஒரு நாள் திடீரென்று மொத்தமாக அடைத்துக்கொள்ளும் என்றார். இன்ஹேலரில் தினமும் இழுக்க ஒரு மருந்து, அவசரத்துக்கு இழுக்க ஒரு மருந்து கொடுத்தார். கிடங்குப் பக்கமே போகக்கூடாது என்றார். சிரிக்காதே காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி பேசி, சாக்கை எடுத்துவிட்டுத் துவைத்த துணி கட்டுவது, முகத்தை மூடிக்கொள்வது, மருந்தை இழுக்காமல் உள்ளே கால் வைப்பதில்லை என்பது வரைக்கும் இறங்கிவந்து அனுமதி வாங்கினார்.

மருந்து வேலை செய்தது. கீச்சு நின்றது. ஆந்தையும் நின்றுவிட்டது.

பொந்து வாயில் உட்காரும். பொந்துக்குள் புதிதாகப் பொரித்திருந்த குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். சுத்தமான துணிக்குப் பின்னால் சுத்தமான நெஞ்சோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனை அது திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வாரம் முழுக்க வெறுங்கையோடு வந்தார்.

"எனக்குத் தெரியும், அது எலின்னு நெனச்சுதான் வந்துச்சுன்னு," என்றார் ஒரு நாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இருந்தாலும் மனசு கேக்கல." அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆளைப் பிழைக்கவைத்துவிட்டு அவர் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி. தலைவர் வேறு போன் செய்து, படம் அச்சுக்குப் போக வேண்டும், நாளைக்குள் முகம் கிடைக்குமா, இல்லாவிட்டால் சுவருக்கு வேறு பறவையைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றார் சிரிக்காதே. யாரைக் கேட்பார்? ஆந்தையையா?

மறுநாள் அவளுக்கு மருத்துவமனையில் வேலை இழுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வண்டி நிறைய வந்திருந்தார்கள், எல்லாரும் கேட்காமலே விரலைத் தூக்கினார்கள். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவக் குழாயடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மறைப்புக்குக் கட்டியிருந்த துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதைத் துவைக்கிற நாளே இல்லை. துணி இங்கே இருந்தால் அங்கே என்ன தொங்குகிறது?

உள்ளே ஓடி, கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். தினமும் இழுக்கிற மருந்தும் இருந்தது, அவசரத்துக்கு இழுக்கிற மருந்தும் இருந்தது. இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. அவசர மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினாள்.

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாங்க. உள்ளதான் இருக்காரு. நான் போயிட்டு சத்தமா வெளிய வந்துட்டேன். பறவை ரொம்பக் கிட்ட வந்திருக்கு."

கதவு இடுக்கில் பார்த்தாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சரிந்து, மூலையில் மறுபடியும் தொங்கிக்கொண்டிருந்த சாக்குகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சாக்கின் ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த லென்சின்மேலேயே ஆந்தை உட்கார்ந்திருந்தது. முகத்தை ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, உள்ளே இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு முழ தூரம் இருந்தால் அதிகம். கீச்சு இப்போது கீச்சாக இல்லை. கதவு வரைக்கும் கேட்டது. துருப்பிடித்த கீல் இழுபடுகிற மாதிரி, இடைவெளி விட்டு, இழுத்து இழுத்து.

அவள் கதவைத் தள்ளினால் ஆந்தை போய்விடும், சுவரும் போய்விடும், அவர் ஆயுசுக்கும் ஆசைப்பட்ட அந்த முகமும் போய்விடும். உள்ளே அவர் அமுக்கிக்கொண்டிருக்கலாம், இன்னும் ஒரே ஒரு படம் என்று இருக்கலாம். க்ளிக் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். கேட்கவில்லை. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. கதவை இரண்டு கையாலும் அறைந்து திறந்தாள்.

ஆந்தை அவள் பக்கம் முழு முகத்தையும் திருப்பியது. ஒரு கணம்தான். பிறகு சிறகு விரித்ததும் தெரியாமல், சத்தமும் இல்லாமல் போய்விட்டது.

சாக்கைப் பிய்த்தெறிந்தாள். அவர் முக்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாயைத் திறந்ததுதான் தாமதம், மருந்தை உள்ளே வைத்து அழுத்தினாள். "இழுங்க. இழுத்துப் பிடிங்க. இன்னொரு தடவை." அவளும் வாட்ச்மேனுமாகத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க வாட்ச்மேன் சாலைக்கு ஓடினார்.

நாலைந்து தடவை இழுத்ததும் உதட்டில் நிறம் திரும்பியது. கேட்கக்கூடாது என்று நினைத்திருந்தவள் கேட்டுவிட்டாள். "எடுத்தீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. இந்த லென்சுக்கு ஒரு ஆள் நீளமாவது தள்ளி இருக்கணும். லென்சு முன்னாடி அது வந்தப்ப உள்ள பாத்தா வெறும் வெள்ளையா, பனி மாதிரி. அப்புறம் லென்சுமேலயே ஏறிக்கிச்சு. ஒண்ணும் பிடிக்க முடியல."

"அப்புறம் எதுக்கு அப்படியே உக்காந்திருந்தீங்க? வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"கூப்பிட்டா போயிடுமே."

அவளுக்கு ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது. "செத்துப்போயிருப்பீங்க," என்றாள். "ஒரு ஆந்தைக்காக."

"தெரியும்." அவர் தரையைப் பார்த்தார். "கேமராவை விட்டுட்டு சும்மா அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அது என் நெஞ்சைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு மூச்சையும். இவ்வளவு கவனமா யாரும் என்னைக் கேட்டதில்ல."

குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. ஆந்தையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இன்னமும் வியப்பு அடங்காமல். ஆனால் அவளுக்குச் சுரீர் என்றது. அவர் சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றினாள்.

"என்ன பண்ற? வாசல்ல..."

"பேசாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க."

குனிந்து காதை அவர் நெஞ்சில் வைத்தாள். கீச்சு இன்னும் இருந்தது, இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக, அடியில் ஒரு கரகரப்போடு. அதற்கும் அடியில், தட்டுத்தடுமாறி, இதயம் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டாள். வண்டி வந்து நின்றதும், வாட்ச்மேன் கூப்பிட்டதும், மறுபடி கூப்பிட்டதும் அவளுக்குக் கேட்கவில்லை.